பழி மழை மீது

கர்க்கடக மாதம் பிறப்பதற்கு முதல் நாள், பாலக்காடு உள்ளிட்ட வட கேரள வீடுகளில் மூலைமுடுக்கெல்லாம் கூட்டித் துடைத்து 'சேட்டை'யை வெளியேற்றுவது பழைய வழக்கம். சேட்டை வேறு யாருமல்ல, நம் மூதேவிதான். அவள் போன பிறகு ஸ்ரீபகவதி வீட்டுக்குள் வருகிறாள். கவனிக்க வேண்டியது இது நடக்கும் நேரத்தை. ஜூலை நடுவில், இடவப்பாதி மழை கொட்டித் தீர்க்கும் நாட்கள் அவை. மழை விடட்டும் என்று அந்தக் காலத்தவர்கள் காத்திருக்கவில்லை.

இன்றைய வாடிக்கையாளர் காத்திருக்கிறார். மூணாறு, குமுளி விடுதிகளிலும் பாலக்காட்டு மாடிக் கட்டடங்களிலும் கண்ணாடிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஜூன் பிறந்துவிட்டால் ஜன்னல் துடைக்கும் தொழில் செய்பவருக்குக் கிடைப்பது ஒரே பதில்: "இப்போது துடைத்து என்ன பயன்? நாளைக்கே மழை அழுக்காக்கிவிடும்." செப்டம்பர் வரை ஒரு மழை. அது ஓய்ந்தால் துலாவர்ஷம். ஆண்டில் பாதி இப்படியே போய்விடுகிறது.

மழைக்கு இந்தப் பழி பொருந்தாது. மழைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. கண்ணாடியில் ஏற்கனவே படிந்திருக்கும் தூசிதான் நனைந்து, கோடுகோடாக வழிந்து காய்கிறது. துடைத்த கண்ணாடியில் விழும் மழை பெரிதாகத் தடம் விடுவதில்லை. வெள்ளை வெள்ளையாகப் புள்ளி வைப்பது ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புத் தண்ணீர். மழைக்குப் பெயர்போன பிரிட்டனில் ஜன்னல் துடைப்பவர்கள் தூறலிலும் வேலை பார்க்கிறார்கள். உப்பு நீக்கிய தண்ணீரை நீண்ட கம்பு வழியாக மேலே ஏற்றி, தூரிகையால் தேய்த்து, அப்படியே காயவிடுகிறார்கள். துணி கொண்டு துடைப்பதுகூட இல்லை.

சொல்லப்போனால் மழைக்காலத்தில்தான் வேலை அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியே டிசம்பர், ஜனவரியில் வீசும் வறண்ட கிழக்குக் காற்று தூசியைக் கொண்டுவந்து அப்புகிறது. அதை மே மாதத்துக்குள் துடைத்துவிட்டால் ஜூன் மழையில் கோடு விழாது. இடுக்கி மலையில் பிரச்சினை வேறு. மூடுபனியும் ஓயாத ஈரமும் சேர்ந்து ஜன்னல் சட்டத்திலும் ரப்பர் விளிம்பிலும் பூஞ்சணம் பிடிக்கவைக்கின்றன. செப்டம்பர் வரை விட்டால் அந்தக் கறுப்புக் கறை லேசில் போகாது. ஜன்னலின் உள்பக்கம், சட்டம், மழைநீர்க் குழாய்க்குள் அடைத்த சருகு என்று அடைமழை நாளுக்கும் வேலை இருக்கிறது.

பயப்பட வேண்டியவை மூன்று: பாசி, காற்று, மின்னல். பாசி படர்ந்த தரையில் ஏணி நிற்காது. காற்று வீசும்போது நீண்ட கம்பு கையில் அடங்காது. துலாவர்ஷ இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் முழங்கும். அந்த நேரத்தில் அலுமினியக் கம்பைத் தூக்கிப் பிடிப்பது மின்னலுக்கு அழைப்பு வைப்பதுதான். வெளிவேலையைக் காலையிலேயே முடித்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

இது ஏணியில் நிற்பவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் ஏறுகிறார். ஜன்னலுக்கு இவ்வளவு என்றோ நாளுக்கு இவ்வளவு என்றோ கூலி பேசியிருந்தால், இறங்கிய நிமிடத்தில் வருமானம் நின்றுவிடும். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் மலையேறி ஏலத் தோட்டங்களுக்குப் போகும் தமிழ்த் தொழிலாளர்களுக்கு இது பழகிய கணக்கு: மழை வலுத்து வேலை நின்றால் கூலியும் நிற்கும். 2018 குறிஞ்சி பூக்கும் ஆண்டு. பயணிகளை எதிர்பார்த்திருந்த மூணாறு, ஆகஸ்ட் வெள்ளத்தில் சாலைகள் அறுபட்டுத் தனித்து நின்றது. அப்படிப்பட்ட ஆண்டில் தினக்கூலிக்காரர் யாரிடம் போய்க் கேட்பார்?

இதற்கு வழி இல்லாமல் இல்லை. விடுதியோடும் கடையோடும் ஆண்டு ஒப்பந்தம் பேசி, தொகையைப் பன்னிரண்டு மாதத் தவணையாகப் பிரித்துக்கொள்ளலாம். மழையில் வெளிவேலை நின்ற நாளுக்கு உள்வேலை. அதுவும் முடியாதென்றால் அடுத்த வாரம் ஒரு நாள். தொழில் நடத்துபவருக்கு மாதம் தவறாமல் பணம் வந்தால், ஆட்களுக்கும் மாதச் சம்பளம் கொடுக்க முடியும். ஒப்பந்தத்தில் கட்டாயம் எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு: வேலையை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்பவர் ஏணியில் நிற்பவர்தான், கீழே குடை பிடித்து நிற்பவர் அல்ல.

கர்க்கடகத்தில் வீட்டைவிட்டு விரட்ட வேண்டிய சேட்டைகளின் பட்டியலில், மழை நாளில் கூலியை வெட்டும் வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.