நாள் குறைவா? இடங்களைக் குறையுங்கள்

"ரெண்டு நாள்தான் இருக்கு, அதுக்குள்ள எல்லாப் பாயிண்டையும் முடிச்சிடணும்." கொடைக்கானலுக்குக் கிளம்பும் குடும்பங்களில் இந்தப் பேச்சு எழாத வீடு குறைவு. மோயர் பாயிண்ட், பைன் காடு, குணா குகை, தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு என்று கார்க்காரர் பட்டியல் வைத்திருப்பார். பட்டியல் நீண்டால் கொடுத்த காசுக்கு நியாயம் கிடைத்துவிட்டதாக நம்புகிறோம். இந்த நம்பிக்கையை நான் முழுவதுமாக மறுக்கிறேன்.

காட்சியெல்லாம் அந்தப் பாயிண்டுகளில்தான் இருக்கிறது என்பார்கள். கொடைக்கானலில் இடத்தைவிட நேரம்தான் முக்கியம். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், பழனி மலையின் தெற்கு விளிம்பை ஒட்டி இருக்கும் ஊர் இது. வெயில் ஏற ஏற, சமவெளியின் சூடான காற்று சரிவில் மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. பல நாட்களில் உச்சிவேளைக்குள் பள்ளத்தாக்கு மூடிவிடும். 122 மீட்டர் உயரமுள்ள தூண் பாறைகூட அப்போது கண்ணுக்குத் தெரியாது. கம்பி வேலியோரம் நின்று வெண்மையைப் படமெடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு ஓடுகிறார்கள். ஊருக்கு நடுவிலேயே, 1872இல் அமைத்த கோக்கர்ஸ் வாக் இருக்கிறது. காலையில் திறந்ததுமே அங்கே போனால், பெரியகுளம் பக்கத்துச் சமவெளி காலடியில் விரிந்து கிடக்கும். ஒரு கிலோமீட்டர் நடை, அவ்வளவுதான். காரே வேண்டாம்.

அந்தப் பாயிண்டுகளில் பெரும்பாலானவை ஒரே சாலையை ஒட்டியவை. சீசனில் அந்தச் சாலையில் கார் நகர்வதைவிட நிற்பதே அதிகம். நெரிசல் தாங்காமல்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. மலையேறி வந்தவர்கள் முன்னால் நிற்கும் வேனின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் அந்த இரண்டு நாள் கணக்கில்தான் சேரும்.

"ஏரியைச் சுத்தவா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்பது அடுத்த கேள்வி. அதற்கே வரலாம். மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை மறித்து உருவாக்கிய ஏரி அது. சுற்றுப்பாதை ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். வரும் வழியில் இறங்கிப் படமெடுத்த வெள்ளி அருவி, இந்த ஏரி நிறைந்து வழியும் தண்ணீர்தான். அவசரக்காரருக்கு ஏரி ஒரு பாயிண்ட், அருவி இன்னொரு பாயிண்ட். கரையோரம் நடந்து, தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்று பார்த்தவருக்கோ இரண்டும் ஒன்று. ஊரைப் பார்ப்பது என்று நான் சொல்வது இதைத்தான்.

பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் சலித்துப்போகும் என்கிறார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்து வந்த குழந்தையை மறுநாளும் காரில் ஏற்றி இறக்குவதுதான் கொடுமை. முட்டி வலிக்காரப் பாட்டிக்கும் ஏரிக்கரை பெஞ்சே சுகம்.

நிதானமெல்லாம் வசதிக்காரர்களுக்கு என்ற பேச்சும் உண்டு. செலவைக் கூட்டுவது கார் வாடகைதான், நிதானம் அல்ல. ஏரியைச் சுற்றி நடக்கக் கட்டணமில்லை. பக்கத்து மலைக் கிராமமான பூம்பாறைக்கு அரசுப் பேருந்தே போகிறது. அங்கே படிப்படியாக இறங்கும் வயல்கள், குழந்தை வேலப்பர் கோயில், கொடைக்கானல் மலைப்பூண்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பூண்டை விளைவித்தவர் கையிலிருந்தே வாங்கலாம். அரை நாள் போதும்.

ஒரு வாதத்தை மட்டும் என்னால் லேசாகத் தள்ள முடியாது. "மறுபடி எப்ப வரப்போறோமோ" என்கிறவர்கள் இருக்கிறார்கள். பல வருடம் காசு சேர்த்து ஒரு முறை வரும் குடும்பத்துக்கு அந்தத் தவிப்பு நியாயமானது. ஆனால் அப்படி ஒரே முறை வருகிறவர்கள்தான் எதையும் பாதியாகப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூடாது.

தங்குமிடத்தை ஏரிக்கு நடந்து போகும் தூரத்தில் எடுங்கள். முதல் நாள் முழுக்கக் காரை மறந்துவிடுங்கள். தூண் பாறையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், இரண்டாம் நாள் காலை மேகம் ஏறுவதற்கு முன் அங்கே மட்டும் போய் வாருங்கள். மற்ற பாயிண்டுகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.