வார்த்தவர்கள் அங்கேயே இருந்தார்கள்



இந்த இதழின் அட்டையில் இருப்பது இஃபே நகரத்து உலோகத் தலை. இஃபே, இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் உள்ள யொருபா மக்களின் புனித நகரம். 1938இல் அங்கே அரண்மனைக்குப் பக்கத்தில் வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது, இப்படிப்பட்ட தலைகள் ஒரு டஜனுக்கும் மேல் கிடைத்தன. ஏறக்குறைய ஆள் அளவு. அட்டையில் உள்ள தலையில் நெற்றியிலிருந்து தாடை வரை மெல்லிய கோடுகள் நெருக்கமாக இறங்குகின்றன. அத்தனை கோடுகளுக்கு அடியிலும் கன்னத்தின் மேடு பள்ளம் குலையவில்லை. உதட்டின் விளிம்பையும் கழுத்தின் சதை மடிப்பையும் நிதானமாகப் பாருங்கள். 12ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் வார்க்கப்பட்டவை இவை. சுவாமிமலை ஸ்தபதிகள் கையாளும் அதே மெழுகு வார்ப்பு முறைதான். ஆனால் கெட்டியாக வார்க்காமல், உள்ளே களிமண் கரு வைத்து, உலோகம் மெல்லிய தகடாக நிற்கும்படி வார்த்திருக்கிறார்கள். சிலவற்றில் கிட்டத்தட்டக் கலப்பே இல்லாத செம்பு. வெறும் செம்பு அச்சுக்குள் எளிதில் ஓடாது என்பதை வார்ப்புத் தொழில் தெரிந்தவர்கள் அறிவார்கள்.

1910இல் லியோ ஃப்ரோபேனியஸ் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இஃபேவுக்குப் போனார். ஓலோகுன் என்ற கடல் தெய்வத்தின் தலையைக் கண்டு வியந்தார். ஆனால் அதைச் செய்தவர்கள் அந்த ஊர்க்காரர்களின் முன்னோர்கள் என்று மட்டும் அவரால் நம்ப முடியவில்லை. கடலில் மூழ்கியதாகக் கிரேக்கர்கள் சொன்ன அட்லாண்டிஸின் எச்சம் என்று எழுதிவிட்டார். எங்குமே இல்லாத ஒரு தேசத்தை நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஆப்பிரிக்காவின் தெற்கே, இன்றைய ஜிம்பாப்வே நாட்டில் உள்ள கிரேட் ஜிம்பாப்வே என்ற பழைய நகரத்தின் கல் மதில்களுக்கும் இதே கதைதான். 1871இல் அங்கு போன கார்ல் மௌக் என்ற ஜெர்மானியர் அவற்றை விவிலியத்தில் வரும் ஷீபா ராணியோடு முடிச்சுப் போட்டார். 1905இல் ராண்டல் மேக்ஐவரும், 1929இல் கெர்ட்ரூட் கேட்டன் தாம்சனும் அகழ்ந்து பார்த்து, கட்டியவர்கள் ஆப்பிரிக்கர்களே என்று நிறுவினார்கள். பிறகும், அன்று ரொடீசியா எனப்பட்ட அந்நாட்டின் வெள்ளையர் அரசு அந்த உண்மையை அமுக்கப் பார்த்தது. மனம் ஒப்பாத தொல்லியலாளர் பீட்டர் கார்லேக் 1970இல் நாட்டை விட்டே வெளியேறினார்.

இன்னொரு தவறான எண்ணம் நம்மிடமும் இருக்கிறது: ஆப்பிரிக்கச் சிற்பம் என்றால் கோணல்மாணலான முகமூடி, உள்ளபடி செய்யத் தெரியாததால் அப்படிச் செய்தார்கள் என்பது. இஃபே மண்ணிலேயே இதற்குப் பதில் கிடைத்திருக்கிறது. உயிருள்ள முகம் போன்ற சுடுமண் தலைகள் கிடைத்த அதே ஊரில், வெறும் கூம்பில் கண்ணுக்கும் வாய்க்கும் துளையிட்ட தலைகளும் கிடைத்தன. இரண்டும் ஒரே பண்பாட்டின் படைப்புகள். எந்த உருவை எப்படி வடிக்க வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். அது அவர்களுடைய தேர்வு. இயலாமை என்று அதைச் சொல்வது அநியாயம்.

நைஜீரியாவிலேயே, இஃபேவுக்குத் தென்கிழக்கே பெனின் நகரம். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை புகுந்து அரண்மனையைச் சூறையாடியது. மன்னர் ஓவொன்ராம்வென் கலபாருக்கு நாடு கடத்தப்பட்டு, 1914இல் அங்கேயே இறந்தார். அரண்மனைத் தூண்களை அலங்கரித்த பித்தளைப் பலகைகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. அங்கே அவற்றைப் பார்த்த சிலர், போர்த்துகீசியர்தான் இந்த வித்தையைக் கற்றுக் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். போர்த்துகீசியர் கொண்டுவந்தது பித்தளை வளையங்களை. பெனின் வார்ப்பாளர்கள் அவற்றை உருக்கிப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. வார்க்கும் கலையோ, போர்த்துகீசியக் கப்பல் வருவதற்கு முன்பே அந்தப் பகுதியில் முதிர்ந்திருந்தது. பலகைகளில் நீண்ட தலைமுடியும் தாடியுமாகப் போர்த்துகீசியர்களையும் வடித்திருக்கிறார்கள், பெனின் கலைஞர்கள் தங்கள் கண்ணால் கண்டபடி.

சூறையாடப்பட்ட பெனின் படைப்புகளில் சிலவற்றை 2022இல் ஜெர்மனி திருப்பிக் கொடுத்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தே ஆக வேண்டும் என்பதே என் கருத்து.

பெனினின் இகுன் தெருவில் வார்ப்புக் குடும்பங்கள் இன்றும் உலை மூட்டுகின்றன. வேலை நிமித்தமாக நைஜீரியாவில் இருக்கும் வாசகர்களே, ஒரு விடுமுறை நாளில் அந்தத் தெருவுக்குப் போய் வாருங்கள். அவர்களிடம் பேசுங்கள், கண்டதைத் தமிழில் எழுதி அனுப்புங்கள். பிரசுரிக்கக் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்