கண்மை மீசை



ஆகஸ்ட் 12 அல்லது 13. ராத்திரி ஒன்பதரை மணி. பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு அப்பாடா என்று உட்காரும்போதுதான் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அந்தச் செய்தி வந்து விழும். 'சுதந்திர தின மாறுவேடப் போட்டி. உங்கள் மகன் பாரதியார். தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, மீசை கட்டாயம்.'

அப்புறம் வீடு அமளிதுமளிதான். வாடகை உடைக் கடைக்கு போன் போட்டால், "பாரதியார் எல்லாரும் போயிட்டாங்க சார். காந்தி ஒருத்தர் இருக்கார், ஆனா கண்ணாடி இல்லை" என்று பதில் வரும். கடைசியில் அத்தையின் வெள்ளைத் துப்பட்டா தலைப்பாகையாகும். அப்பாவின் கல்யாணக் கோட்டு முழங்காலைத் தாண்டித் தொங்கும். மீசைக்கு? இருக்கவே இருக்கிறது அம்மாவின் கண்மை.

போன வருடம் எங்கள் தெருவில் அப்படி ஒரு குட்டி பாரதியைப் பார்த்தேன். வியர்வையில் மீசை ஒரு பக்கம் கரைந்து கன்னம் வரைக்கும் இறங்கியிருந்தது. "பாரதியார் என்னடா பண்ணினார்?" என்று கேட்டேன். ரொம்ப யோசித்தான். "மீசை வெச்சிருந்தார் ஆன்ட்டி" என்றான்.

சிரித்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு போய்விட்டது. அவன் சொன்னதில் என்ன தப்பு? நாம் அவனுக்குக் கொடுத்தது மீசை மட்டும்தானே?

பள்ளிக்கூடங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆசிரியர்கள் பாவம், பாடத்தையும் பரீட்சையையும் முடித்து, கிடைக்கிற இரண்டு மூன்று நாளில் நாற்பது பிள்ளைகளை மேடையேற்ற வேண்டும். நாமும் சளைத்தவர்களா? செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நம் பிள்ளை வரும் நான்கு நிமிடத்தை மட்டும் பார்க்கிறோம். அது இறங்கியதும் நாமும் எழுந்துவிடுகிறோம். கடைசி நிகழ்ச்சியைக் காலி நாற்காலிகள்தான் பார்க்கின்றன.

நம் பத்திரிகையும் விதிவிலக்கு இல்லை. மூவர்ண இட்லி, மூவர்ண அல்வா, மூவர்ணக் கோலம் என்று ஆகஸ்ட் தோறும் போட்டுத்தான் வந்திருக்கிறோம். கேரட், தேங்காய், புதினாவோடு எங்கள் தேசபக்தி முடிந்துவிட்டது என்று நீங்கள் சொன்னால், தலைகுனிந்து ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால், இந்த மேடையின் பூர்வீகம் நமக்குத் தெரிந்தால் இத்தனை சுலபமாக எழுந்து போவோமா?

சிவகாசியில் பிறந்தவர் விஸ்வநாத தாஸ். நாடகக் கலைஞர். முருகனாக வேடம் போட்டுக்கொண்டு மேடைக்கு வருவார். கதை என்னவோ வள்ளி திருமணம்தான். ஆனால் பாட்டில் வெள்ளைக் கொக்கு ஒன்று வரும். அந்தக் கொக்கு யார் என்று கொட்டகையில் உட்கார்ந்திருக்கும் கடைசி ஆளுக்கும் புரியும். வாசலில் நிற்கிற போலீஸுக்கும் புரியும். மேடையில் பாடியதற்காகவே பலமுறை ஜெயிலுக்குப் போனார். அவர் பிறந்த சாதியைச் சொல்லி, கூட நடிக்க மாட்டோம் என்றவர்களும் இருந்தார்கள். வெளியே வெள்ளைக்காரன், உள்ளே நம்மவர்கள். இரண்டு பக்கத்து அடியையும் வாங்கிக்கொண்டு பாடியவர் அவர். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில், மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே உயிர் பிரிந்தது.

அதே மாதிரி மேடையில்தான் நம் பிள்ளைகள் இன்றைக்கு ஏறுகிறார்கள். மைக் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, ஷாமியானா இருக்கிறது. பாடினால் கைதட்டல் கிடைக்கிறது, கேடயம் கிடைக்கிறது. ஜெயில் இல்லை. சுதந்திரம் என்றால் என்ன என்று ஒரு குழந்தைக்கு விளக்க இதைவிட எளிய வழி உண்டா, சொல்லுங்கள்?

பாரதியார் விஷயத்துக்கே வருவோம். 1921-ல் அவர் காலமானபோது வயது நாற்பதைத் தொடவில்லை. சுதந்திரத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை. அவர் போய் ஏழு வருடம் கழித்து, 1928-ல், அவருடைய தேசியப் பாடல் புத்தகங்களை அரசாங்கம் பறிமுதல் செய்தது. செத்துப்போன ஒருவரின் பாட்டுக்கு அத்தனை பயம். சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்துப் பேசினார்.

அதே பாட்டுகளுக்கு வந்த காலத்தையும் பாருங்கள். 1947 பொங்கலுக்கு 'நாம் இருவர்' படம் வெளியானது. டி.கே. பட்டம்மாள் பாரதியின் பாட்டைப் பாட, பன்னிரண்டு வயது குமாரி கமலா ஆடினார். சுதந்திரம் வந்துவிட்டதாகவே வைத்துப் பாடுகிற பாட்டு அது. நிஜத்தில் சுதந்திரம் வர இன்னும் ஏழு மாதம் பாக்கி. ஜனங்கள் கொட்டகையிலேயே முதலில் கொண்டாடிவிட்டார்கள். ஆகஸ்டில் சுதந்திரம் பிறந்த அந்த ராத்திரியில் பட்டம்மாளின் குரல் வானொலியில் ஒலித்தது. வானொலிப் பெட்டி இருந்த வீட்டுத் திண்ணையில் தெருவே கூடிக் கேட்ட காலம் அது.

உங்கள் மகள் ஏழாம் வகுப்பா? மேடையில் ஆடப் போகிறாளா? அன்றைக்கு ஆடிய கமலாவுக்கும் அவள் வயதுதான் என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த ஒத்திகையில் காலும் கையும் வேறு மாதிரி ஆடும்.

மகள் என்றதும் சொல்லவேண்டிய இன்னொன்று இருக்கிறது. கொஞ்சம் கசக்கும், மன்னியுங்கள். பாரத மாதா வேஷம் யாருக்குக் கிடைக்கிறது? எத்தனையோ மேடைகளில் 'கலரா இருக்கிற' பெண்ணுக்கு. பட்டுப்புடவை, கிரீடம், கையில் கொடி எல்லாம் அவளுக்கு. நன்றாகப் பேசுகிற, ஆனால் மாநிறத்துக்கு ஒரு படி கீழே இருக்கிற பெண், பின் வரிசையில் பச்சைத் தாவணி கட்டிக்கொண்டு வயலாக நிற்பாள். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அந்தக் குழந்தைக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்க்கும். வெள்ளைக்காரன் போய் இத்தனை வருடம் ஆன பிறகும் வெள்ளைத் தோலுக்குத்தான் நாம் கிரீடம் வைக்கிறோமா?

அந்தப் பெண்ணுக்கு ஏற்ற வேஷம் நம் ஊரிலேயே இருக்கிறது. கடலூர் அஞ்சலையம்மாள். 1857 கிளர்ச்சியின்போது கொடூரம் செய்த நீல் என்ற வெள்ளைக்கார அதிகாரிக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்திருந்தார்கள். 1927-ல் அதை அகற்றக் கோரி நடந்த போராட்டத்தில் அவர் கலந்துகொண்டார். தனியாக அல்ல, பள்ளிக்கூட வயது மகளையும் கூட்டிக்கொண்டு. அம்மாவும் சிறைபட்டார், மகளும் பிடிபட்டாள். அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயர் வைத்தவர் காந்தி. அஞ்சலையம்மாள் பின்னாளில் சட்டமன்ற உறுப்பினரானார்.

இந்த வேஷத்துக்குக் கிரீடம் வேண்டாம். வாடகைக் கடைக்கு அலைய வேண்டாம். பாட்டியின் நூல் புடவை போதும். ஓர் அம்மாவும் மகளும் சேர்ந்தே மேடையேறலாம். எந்தப் பள்ளியாவது இப்படிச் செய்தால் நானே முதல் வரிசையில் வந்து உட்காருகிறேன். கடைசி நிகழ்ச்சி வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன், இது சத்தியம்!

கொண்டாட்டம் பள்ளிக்கூட மைதானத்தோடு முடிகிறதா என்ன? ஆகஸ்ட் 15 அன்று மதியம் பெரிய கோயில்களில் பொது விருந்து நடக்கும். சமபந்தி என்றால்தான் நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியும். அதில் என்ன விசேஷம் என்று பிள்ளைகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள், சாதியைச் சொல்லி ஒதுக்கி வைக்கப்பட்ட மக்கள் காலெடுத்து வைக்கவே 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதலைப் போராட்ட வீரர் வைத்தியநாத ஐயர் அந்த மக்களை அழைத்துக்கொண்டு உள்ளே போன நாள் அது. உள்ளே விடாத இடத்தில் ஒரே வரிசையில் இலை போடுகிறார்கள் என்றால், அது வெறும் சாப்பாடா? இந்த வருடம் பிள்ளைகளை அந்தப் பந்திக்குக் கூட்டிப் போங்கள். இலையில் சாம்பார் விழும் முன்பு இந்தக் கதையைச் சொல்லிவிடலாம்.

கிராமங்களில் அன்றைக்கே கிராம சபையும் கூடுகிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று பஞ்சாயத்துத் தலைவர் முகத்துக்கு நேரே கேட்கலாம். கலைநிகழ்ச்சி இல்லைதான், ஆனால் சுதந்திர தினத்துக்கு அதைவிடப் பொருத்தமான நிகழ்ச்சி எனக்குத் தோன்றவில்லை.

சென்னையில் இருப்பவர்களுக்கு இன்னொரு யோசனை. கோட்டையில் முதலமைச்சர் கொடியேற்றுவதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். மாநில முதல்வர்களுக்கு அந்த உரிமை 1974-ல்தான் வந்தது, அதைக் கேட்டு வாங்கியவர் கலைஞர். அதே கோட்டை வளாகத்து அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்ட் 15 அன்று அங்கே ஏற்றிய கொடியைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். விடுமுறையில் மாலுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

கொடி என்றதும் மறுநாள் காலை ஞாபகம் வருகிறது. 2022-ல் 75 ஆண்டு நிறைவுக்கு 'இல்லம்தோறும் மூவர்ணக் கொடி' என்றார்கள். தபால் ஆபீஸிலேயே 25 ரூபாய்க்குக் கொடி கிடைத்தது. மொட்டை மாடியெல்லாம் கொடி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால், ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் 16 காலையில் சட்டையில் குத்திய காகிதக் கொடியும், சிக்னலில் வாங்கிய சின்னக் கொடியும் எங்கே கிடக்கின்றன? குப்பை வண்டிக்காரரைக் கேட்டால் சொல்வார். கொடியைத் தரையில் எறியக் கூடாது என்று கொடி விதியே சொல்கிறது. 1932 ஜனவரியில் திருப்பூர்க் குமரன் மண்டையில் அடி விழுந்தும் கொடியைக் கீழே விடவில்லை. அவர் வேஷம் போட்ட பிள்ளையே மாலையில் அதைத் தெருவில் போட்டுவிட்டுப் போனால் யார் தவறு? கொடியைத் துவைத்து, மடித்து, அடுத்த வருடத்துக்குப் பீரோவில் வையுங்கள். நல்ல புடவைக்குச் செய்கிறோமே, அதேதான்.

எல்லாம் சொல்லிவிட்டு நான் கேட்பது ஒன்றே ஒன்று. மீசை வரைய ஐந்து நிமிடம் ஆகும். பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கிற, தப்பித்து ஓட முடியாத ஐந்து நிமிடம். அம்மாக்களுக்கு அபூர்வமாகக் கிடைக்கிற நேரம்! அந்த நேரத்தில், யாருடைய மீசையை வரைகிறீர்களோ அவருடைய கதையைச் சொல்லிக்கொண்டே வரையுங்கள். உங்கள் ஊர்க்காரர் கதை தெரிந்தால் இன்னும் நல்லது. தெரியாவிட்டால் வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள், பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் சிலையின் கீழே எழுதியிருப்பதை ஒருமுறை நின்று படியுங்கள்.

கேட்டதை, படித்ததை எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும், எழுத்துப்பிழை பற்றிக் கவலை வேண்டாம். இந்த முறை மூவர்ண அல்வாவுக்கு வைத்திருந்த பக்கங்களை உங்களுக்கென்று ஒதுக்கிவிட்டேன். சமையல் குறிப்பு எழுதும் தோழிக்கு என் மேல் வருத்தம்தான். உங்கள் கதைகள் வந்து குவிந்தால் அவரைச் சமாதானப்படுத்திவிடுவேன்.

எங்கள் தெருப் பாரதிக்கு இந்த வருடம் என்ன வேஷம் என்று இன்னும் தெரியவில்லை. 13-ஆம் தேதி ராத்திரிதான் தெரியும். எந்த வேஷமாக இருந்தாலும், கண்மையோடு போய் நிற்பதாக அவன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சுதந்திர தின வாழ்த்துகள்!

அன்புடன்,
ஆசிரியர்