இன்னும் ஒரு வாய்!

நம் வீடுகளில் ஒரு வார்த்தைக்கு மட்டும் என்றைக்குமே மதிப்பு இருந்ததில்லை. 'போதும்' என்பதே அந்த வார்த்தை. பந்தியில் ஒருவன் இலையின் மேல் இரண்டு கைகளையும் விரித்து மறைத்துக்கொண்டு, "போதும், போதும்" என்று கெஞ்சினால், அவன் விரலிடுக்கு வழியாகவாவது ஒரு கரண்டி பாயசத்தை ஊற்றிவிட்டுப் போவதைத்தான் நாம் உபசாரம் என்கிறோம். நல்ல தேக சுகத்தோடு இருக்கிறவனுக்கு இதனால் பெரிய கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. ஓர் ஏப்பத்தோடு விஷயம் தீர்ந்துவிடும். ஆனால் இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறவனுக்கும் இதே உபசாரத்தைச் செய்தால் அதை அன்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது அறியாமை. அறியாமையைக்கூட மன்னித்துவிடலாம். எடுத்துச் சொன்ன பிறகும் காதில் போட்டுக்கொள்ள மறுக்கிற பிடிவாதம் இருக்கிறதே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உடல் பருமனைக் குறைப்பதற்காக வயிற்றில் செய்யப்படும் ஆபரேஷனைப் பற்றித்தான் சொல்கிறேன். எனக்கே அது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. ஆகையால் கேள்வி ஞானத்தில் பேசுகிறேன் என்று யாரும் சொல்ல முடியாது. 'கதை எழுதுகிறவனுக்கு வைத்திய விவகாரத்தில் என்ன வேலை?' என்று சில வாசகர்கள் கேட்கக் கூடும். மனிதர்கள் அன்பின் பெயரால் ஒருவரையொருவர் எப்படி வதைக்கிறார்கள் என்பது கதை எழுதுகிறவனுடைய விஷயம் இல்லையென்றால், வேறு யாருடைய விஷயம்?

முதலில் அந்த ஆபரேஷன் என்ன செய்கிறது என்று பார்ப்போம். இப்போது அதிகமாக நடப்பவை இரண்டு வகை. ஒன்றில், இரைப்பையின் வெளி வளைவை ஒட்டிய பாகத்தை நெடுக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய 75 முதல் 80 சதவிகிதம் போய்விடுகிறது. மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழல். மற்றது பைபாஸ். இரைப்பையின் தலைப்பில் சுமார் 30 மில்லி கொள்ளக்கூடிய சிறு பையை மட்டும் தனியே பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். 30 மில்லி என்றால் இரண்டு மேஜைக் கரண்டி! அமெரிக்காவில் அயோவா பல்கலைக் கழகத்து டாக்டர் எட்வர்ட் மேஸன் 1966-ல் தொடங்கிவைத்த முறையின் வழிவந்தது இது. எனக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை. பையும் குடலும் சேருகிற வாசல், ஒரு சுண்டுவிரல் நுழையும் அகலந்தான்.

விழுங்குவது தொண்டையின் வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பாதி உண்மை. கவளம் தொண்டையைத் தாண்டியதும், சுமார் 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக் குழல் அலை அலையாகச் சுருங்கி அதைக் கீழே தள்ளுகிறது. அது போய்ச் சேருவதற்குள் இரைப்பையின் மேற்பாகம் தானாகவே தளர்ந்து இடம் பண்ணி வைக்கிறது, விருந்தாளி வாசலில் கால் வைக்கும்போதே கூடத்தில் பாய் விரிக்கிற வீட்டுக்காரியைப் போல. அதனால்தான் நல்ல வயிறு ஒரு லிட்டர் வரைக்கும் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்கிறது. ஆபரேஷனில் பறிபோவது முக்கியமாக இந்த மேற்பாகத்தின் தயவுதான். கூடமே இல்லாத வீட்டில் பாயை எங்கே விரிப்பது? வந்தவர் திண்ணையிலேயே நிற்க வேண்டியதுதான். போதாக்குறைக்கு, வெட்டி இணைத்த இடம் முதல் சில வாரங்களுக்கு வீங்கியும் இருக்கும்.

எனக்கு மூன்றாவது வாரம். மசித்த பருப்பில் டீ ஸ்பூனால் மூன்று வாய் சாப்பிட்டேன். நான்காவது வாய் நெஞ்சுக்கு நடுவில் நின்றுவிட்டது. வலி என்றும் சொல்ல முடியாது, வலியில்லை என்றும் சொல்ல முடியாது. யாரோ உள்ளேயிருந்து கட்டை விரலால் அழுத்திப் பிடித்திருப்பது போல் இருந்தது. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. விழுங்கிய எச்சிலுக்கும் கீழே போக வழியில்லாமல் நுரை நுரையாகத் திரும்பி வந்தது. அந்த நான்காவது வாய் வெளியே வந்து விழுந்த பிறகுதான் எனக்கு மூச்சு நிதானப்பட்டது.

பார்க்க வந்திருந்த அத்தை ஒருத்தி இதையெல்லாம் கண்டு பதறிப்போனாள். "என்னடா இது, பச்சைக் குழந்தைகூட இதைவிட அதிகமாச் சாப்பிடுமேடா! ரெண்டு கவளம் ரசஞ்சாதம் குழையப் பிசைஞ்சு தரேன். உனக்குத் தெரியாமலே இறங்கிடும்" என்றாள்.

அத்தையின் பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் நம்முடைய சகல வியாதிகளுக்கும் சஞ்சீவியான இந்த ரசஞ்சாதம், அந்த நிலையில் எவ்வளவு தொல்லையானது என்பது அவளுக்குத் தெரியாது. சரியாக மெல்லாத சோறு பசை போலத் திரண்டு, அந்தச் சுண்டுவிரல் வாசலை அடைத்துக்கொள்ளும். குழையப் பிசைந்த சோற்றை யாராவது மெல்லுவார்களா? இன்னொன்று: சாப்பாட்டோடு நீர் சேர்க்கக் கூடாது, சாப்பிட்டு அரைமணி கழித்துத்தான் பருகலாம் என்பது இந்த ஆபரேஷனுக்குப் பிறகு முதல் விதி. சோறும் நீரும் கலந்தே வருவதற்குத்தானே ரசஞ்சாதம் என்று பெயர்! முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு கெட்டியான திரவம், பிறகு மசியல், அப்புறம் மெத்தென்ற பதார்த்தங்கள் என்று படிப்படியாக ஏறி, சாதாரணச் சாப்பாட்டுக்கு வர ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். அதற்குப் பின்னும் சோறு, சப்பாத்தி, ரொட்டி, உலர்ந்த கோழிக்கறி ஆகியவை பலருக்கு மாதக்கணக்கில் தகராறு செய்யும். இது நோயாளியின் முரண்டு அல்ல, குழாயின் அளவு.

நம் வீட்டுப் பெண்களின் கதி இன்னும் மோசம். ஒரு கிண்ணம் ஆகாரத்தை இருபது நிமிஷம், அரைமணி என்று உட்கார்ந்து, சிறு சிறு வாயாக மென்று சாப்பிட வேண்டும் என்கிறார் டாக்டர். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அடுக்களையில் நின்றபடியே அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்கிற பழக்கத்தில் வளர்ந்தவளுக்கு அந்த அரைமணியை யார் கொடுப்பார்கள்? "ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிடறா" என்று ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்குப் பயந்து அவசரப்படுவாள்; அவசரத்தில் அடைத்துக்கொள்ளும்; கொல்லைப்புறம் ஓடுவாள். உடனே அதே குரல், "வயித்தைக் கிழிச்சுக்கிட்டு வந்தா இப்படித்தான்" என்று தீர்ப்புச் சொல்லும்.

இந்தத் தீர்ப்பின் வேறொரு வடிவமும் உண்டு. படித்தவர்கள் சொல்வது. "வாயைக் கட்டத் தெரியாதவன் குறுக்கு வழியில் போனான், அனுபவிக்கிறான்." பசி என்பது வெறும் மனத் திண்மையின் விஷயம் என்று நம்புகிறவர்களின் பேச்சு இது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பை 1999-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பாகத்தில்தான் சுரக்கிறது. அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு எடையைக் குறைத்தவர்களின் ரத்தத்தில் அது முன்னைவிட அதிகமாகிறது என்று 2002-ல் தெரிந்தது. அதாவது, வாயைக் கட்டக் கட்ட உடம்பு கூக்குரலை உயர்த்துகிறது. ஆண்டுக்கணக்கில் அந்தக் கூக்குரலோடு மல்லுக்கு நின்று தோற்றவர்களே கடைசியில் கத்திக்குச் சம்மதிக்கிறார்கள். எது விழுங்கலாம், எதை எத்தனை முறை மெல்ல வேண்டும் என்று நாற்பது வயதில், ஐம்பது வயதில் முதலிலிருந்து பாடம் படிக்கிறார்கள். சத்து மாத்திரைகளை ஆயுள் முழுதும் சாப்பிடுகிறார்கள். இதற்குக் குறுக்கு வழி என்று பேர் வைத்தவர் நெடுவழி எது என்று சொன்னால் நன்றாயிருக்கும்.

உறவினர்களை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிகளை விட்டுவிட்டால் அது நியாயமாகாது. எனக்கு ஆபரேஷன் நடந்த இடத்தின் கூடம் முழுவதும் படங்கள். பழைய பருமனான உருவம் ஒரு பக்கம், புதிய மெலிந்த உருவம் மறு பக்கம். ஒருவர் தம் பழைய கால்சட்டையின் இடுப்பை முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். அந்தப் படங்களில் ஒன்றிலாவது ஒரு மனிதர் டீ ஸ்பூனோடு உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருக்கக் காணோம்! வீடு திரும்பும்போது கொடுத்த சிறு புத்தகத்தில் நாளொன்றுக்கு எத்தனை கிராம் புரதம் வேண்டும் என்று இருந்தது. விழுங்கியது நடுவழியில் நின்றால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை.

ஆறாவது வாரத்தில் எனக்கு நிலைமை தலைகீழாயிற்று. அதுவரை இறங்கிக்கொண்டிருந்த மசியல் நின்றது. பிறகு கஞ்சி நின்றது. பிறகு தண்ணீரும் நின்றது. டெலிபோனில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: "மெதுவாச் சாப்பிடுங்க, சார்." தண்ணீரை அதைவிட மெதுவாக எப்படிச் சாப்பிடுவது? வேறொரு டாக்டரிடம் போனேன். வாய் வழியே குழாய் விட்டுப் பார்த்தார். பையும் குடலும் சேரும் வாசலில் புண் ஆறும்போது தழும்பு சுருங்கி, குழாய்கூட நுழையாத அளவுக்குக் குறுகிப் போயிருந்தது. பைபாஸ் செய்துகொண்டவர்களில் சிலருக்கு ஒன்று இரண்டு மாதங்களுக்குள் இப்படி நேர்வது வைத்தியர்கள் நன்றாக அறிந்த சமாசாரந்தான். சுருங்கிய இடத்தில் சிறு பலூனை வைத்து ஊதி விரித்தார். கத்தி இல்லை, தையல் இல்லை. அன்று மாலை கஞ்சி இறங்கிற்று. சிலருக்கு இரண்டு மூன்று தடவை விரிக்க வேண்டியிருக்கும் என்றார். ஆக, சுலபமாகத் தீரக்கூடிய ஒன்றை, 'உனக்குச் சாப்பிடத் தெரியவில்லை' என்ற ஒரு வாக்கியம் நாட்கணக்கில் மறைத்து வைத்திருந்தது!

இதில் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். தயமின் என்கிற பி-ஒன் வைட்டமினை நம் உடம்பு இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் சேமித்து வைத்திருப்பதில்லை. விடாமல் வாந்தி எடுக்கிறவனுக்கு அந்தக் கையிருப்புக் கரைந்துவிடும். கண் பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். கவனிக்காமல் விட்டால் ஞாபகசக்தி திரும்பாமலே போகலாம். உயிருக்கும் மோசம் வரலாம். ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டர் 1890-களில், தீட்டிய அரிசியைத் தின்ற கோழிகள் கால் விழுந்து கிடப்பதைக் கண்டார். 1929-ல் நோபல் பரிசு அவருக்குக் கிடைப்பதற்கு வழி திறந்த அந்தக் கோழிகளுக்கு இல்லாமல் போனது இதே தயமின்தான். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியைக் கௌரவமாக நினைக்கிற நாம் அதை மறக்கக் கூடாது.

நம் ஊரில் ஒருவன் நாலு நாள் வாந்தி எடுத்தால் என்ன செய்கிறோம்? தெருக்கோடி டாக்டரிடம் கூட்டிப்போய் ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றச் சொல்கிறோம். தயமின் வற்றிப்போன உடம்பில் வெறும் குளுகோஸ் ஏறினால், மிச்சமிருக்கும் துளித் தயமினையும் அது செலவழித்துவிடும். மூளைக்கு அதுவே கேடாக முடியலாம். எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் முதலில் பி-ஒன் ஊசி போட்டார். அதற்குப் பிறகுதான் பாட்டிலைத் தொங்கவிட்டார். இந்த வரிசையை இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர் இருக்கிற வீட்டில் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும்.

திருக்குறளில் 'விருந்தோம்பல்' என்று ஓர் அதிகாரம் இருப்பது எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஹோட்டல் சுவர் வரைக்கும் அது பயன்படுகிறது. 'மருந்து' என்றும் ஓர் அதிகாரம் இருக்கிறது. அதிலுள்ள பத்துக் குறள்களில் பாதிக்கு மேல் பேசுவது, பசித்த பிறகு அளவறிந்து உண்பதைப் பற்றித்தான். அந்த அதிகாரத்தை எந்த ஹோட்டல் சுவரிலும் நான் பார்த்ததில்லை. நமக்கு வேண்டிய வள்ளுவரை மட்டும் எடுத்துக்கொண்டோம். வேண்டாத வள்ளுவரைப் புத்தகத்திலேயே விட்டுவிட்டோம்.

நான் கேட்பது பெரிய தியாகம் ஒன்றுமல்ல. ஆஸ்பத்திரிக்காரர்கள், மெலிந்த படங்களுக்குப் பக்கத்தில் விழுங்கும் கஷ்டத்தையும் எழுதிப் போடட்டும். ஆபரேஷனுக்கு முன்பே வீட்டாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லட்டும். ஒரு நாள் முழுதும் நீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்தது, தலை சுற்றுகிறது, ஜுரம் காண்கிறது, நெஞ்சு படபடக்கிறது என்று நோயாளி சொன்னால், "மெதுவாகச் சாப்பிடுங்கள்" என்று டெலிபோனை வைத்துவிடாமல் "உடனே வாருங்கள்" என்று சொல்லட்டும். வீட்டார் அவன் வாய்க்குள் போவதை எண்ணிக்கொண்டிருப்பதை நிறுத்தட்டும். அவன் முகம் மாறுவதைக் கவனிக்கட்டும். அவன் எழுந்து போய் வாந்தி எடுத்தால் அதை ரகசியமாக்க வேண்டிய நிர்ப்பந்தத்தை அவனுக்கு உண்டாக்காமல் இருக்கட்டும். அவமானத்துக்குப் பயந்து ஒளித்துவைக்கப்படுகிற வாந்திதான் டாக்டரின் காதுக்கு எட்டாமல் போகிறது.

பிள்ளைப் பிராயத்திலிருந்து ஒரு வாய் கூடச் சாப்பிட்டதற்காக நம்மைப் பாராட்டியிருக்கிறார்கள். ஒரு வாய் குறைத்துச் சாப்பிட்டதற்காக யாரும் பாராட்டியதில்லை. அந்தப் பாராட்டு இல்லாமல் போனாலும் பாதகமில்லை. இரைப்பை அவனுடையது. அதன் அளவு அவனுக்குத்தான் தெரியும். அவன் போதும் என்று சொன்னால், நீங்கள் கரண்டியைக் கீழே வையுங்கள். அதற்கு மேல் ஓர் உபசாரமும் அவனுக்கு வேண்டாம்.