தூங்கட்டும், எழுப்பாதீர்கள்!



போன இதழில் குளிர்நாளில் இட்லி மாவைப் பொங்க வைப்பது எப்படி என்று எழுதியிருந்தேன். மாவுக்குக் கதகதப்பு வேண்டும். இந்த இதழில் நான் சொல்லப் போகிற ஜீவனுக்கோ குளிர்தான் வேண்டும். அது தெரியாமல் நான் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில், காரட்டுக்கும் கொத்துமல்லிக் கட்டுக்கும் பக்கத்தில், நவம்பர் முதல் பிப்ரவரி முடிய ஒரு பிளாஸ்டிக் டப்பா இருந்தது. அதற்குள் எறும்புகள்! சர்க்கரை டப்பாவைத் தேடி வந்த எறும்புகள் இல்லை, நாங்களே வளர்க்கிற எறும்புகள். முகத்தைச் சுளிக்காதீர்கள், கொஞ்சம் கேளுங்கள்.

நாங்கள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கிறோம். இங்கே ஜூலை மாதத்தில், காற்றில்லாமல் புழுங்கும் ஒரு மத்தியானத்தில், நடைபாதை இடுக்குகளிலிருந்து இறக்கை முளைத்த எறும்புகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பும். நம் ஊரில் மழைக்குப் பின் ஈசல் கிளம்புமே, அந்த மாதிரி. ஆனால் ஈசல் கறையான் சாதி, இது அசல் எறும்பு. ஜோடி சேர்ந்ததும் ராணி எறும்பு தன் இறக்கையைத் தானே உதிர்த்துவிட்டு, கூடு கட்ட இடம் தேடி ஓடும். முந்தாம் வருஷம் என் சின்னவன், அப்போது அவனுக்கு 11 வயசு, அப்படி ஓடிய ராணி ஒன்றைத் தீப்பெட்டியில் பிடித்துக் கொண்டு வந்துவிட்டான்.

லைப்ரரிப் புத்தகத்தைப் பார்த்து அவனே வீடு செய்தான். ஒரு கண்ணாடி டெஸ்ட் ட்யூப். அடியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதன் மேல் இறுக்கமாகப் பஞ்சு. நடுவில் ராணி. வாயில் இன்னொரு பஞ்சு. சுற்றிலும் கறுப்புக் காகிதம். அவ்வளவுதான். ராணிக்குச் சாப்பாடு கூட வேண்டாமாம். இனிமேல் பறக்க வேண்டாம் அல்லவா? இறக்கையை அசைத்த தசைகளைக் கரைத்தே அது பிள்ளைகளை வளர்க்குமாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு அந்த ராணி மேல் ஒரு தனிப் பாசம். செப்டம்பரில் முதல் வேலைக்கார எறும்புகள் வந்துவிட்டன. குட்டிக் குட்டியாக ஏழெட்டு.

நவம்பர் வந்தது. பையன் ட்யூபை டப்பாவில் வைத்து, ஹீட்டர் இல்லாத பின்பக்கத் தாழ்வாரத்தில் செருப்பு அலமாரிக்குக் கீழே கொண்டு போய் வைத்தான். "அம்மா, இதுங்க தூங்கப் போகுது. மார்ச் வரைக்கும் எழுப்பக் கூடாது" என்றான்.

எனக்கு மனசு கேட்குமா? ஒரு நாள் அவன் ஸ்கூலுக்குப் போனதும் எடுத்துப் பார்த்தேன். ராணியைச் சுற்றி எல்லாம் ஒட்டிக்கொண்டு, அசையாமல் கிடந்தன. விறைத்துப் போய்விட்டது, ஐயோ பாவம் என்று சமையலறை ரேடியேட்டர் மேல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நடக்க ஆரம்பித்தன. ஒரு சொட்டுத் தேன் வைத்தேன். உயிரைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை! அவன் ஸ்கூலுக்குப் போனதும் ரேடியேட்டர், வருவதற்குள் திரும்பச் செருப்பு அலமாரி. தினமும் இப்படியே நடந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் காகிதத்தைப் பிரித்தான். தண்ணீர் முழுவதும் வற்றி, பஞ்சு சருகாகிக் கிடந்தது. ராணி காலை மடக்கிக்கொண்டு செத்துப் போயிருந்தது. மற்றவையும்தான்.

நான் செய்ததைச் சொன்னேன். அவன் கோபிக்கவில்லை. "நீ வேணும்னு செய்யலைம்மா" என்றான். ட்யூபைக் கழுவித் துடைத்து மேஜை டிராயரில் வைத்தான். அதற்கப்புறம் எறும்புப் பேச்சையே எடுக்கவில்லை. அவன் கத்தியிருந்தால் கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

பிறகுதான் அந்தப் புத்தகத்தை நானே உட்கார்ந்து படித்தேன். குளிர் தேசத்தில் இந்தக் கறுப்புத் தோட்ட எறும்புகள் பனி எட்டாத ஆழத்துக்கு மண்ணுக்குள் இறங்கி, ராணியைச் சுற்றி ஒட்டிக்கொண்டு கிடக்குமாம். ராணி முட்டை வைப்பதை நிறுத்திவிடும். புழுக்கள் வளராமல் அப்படியே இருக்கும். குளிரில் உடம்பின் வேலை மந்தமாவதால், சேர்த்து வைத்த சத்து மாதக் கணக்கில் தாங்கும். சூட்டில் வைத்தால் உடம்பு வேலை செய்யும், சத்து கரையும், தண்ணீரும் வற்றும். நான் கொடுத்த கதகதப்பு அவற்றுக்குப் பட்டினியும் தாகமுமாகத்தான் போய் முடிந்தது.

இங்கே எறும்பு வளர்ப்பது புதிதும் அல்ல. ஜான் லபக் என்று ஒருவர். பாங்கர், பார்லிமெண்ட் மெம்பர். 1871-ல் பாங்குகளுக்கு விடுமுறை நாட்களைச் சட்டமாக்கிய புண்ணியவான். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மண்ணை வைத்து எறும்பு வளர்த்து, 1882-ல் புத்தகமும் எழுதினார். அவருடைய ராணி ஒன்று ஏறக்குறைய 15 வருஷம் இருந்ததாம். எங்கள் வீட்டுக் கறுப்பு எறும்புச் சாதியிலோ ஒரு ராணி, வளர்ப்பில் 28 வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது! என் பிள்ளைக்கு நாற்பது வயசாகும் வரை கூட இருந்திருக்கக் கூடியதை நான் ஒரே குளிர்காலத்தில் முடித்துவிட்டேன்.

போன ஜூலையில் நானே நடைபாதையில் குனிந்து தேடி ஒரு ராணியைப் பிடித்து வந்து அவனிடம் நீட்டினேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தான். பிறகு டிராயரைத் திறந்து அந்த ட்யூபை எடுத்தான்.

இந்த முறை நாங்கள் செய்தது இதுதான்:

அக்டோபரில் தேனைத் தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டு அடிக்கடி வைத்தோம். எறும்புகளின் வயிறு உப்பி மினுமினுத்தது. பூச்சி வைத்தால் தொடவில்லை. அதுதான் தூக்கத்துக்குத் தயார் என்பதற்கு அடையாளம்.

சட்டென்று குளிரில் வைக்கக் கூடாது. ஒரு வாரம் ஹீட்டர் இல்லாத அறை. பிறகு ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டு. பக்கத்தில் தெர்மாமீட்டர். 5 முதல் 8 டிகிரி செல்சியஸ் இருக்கலாம், உறைந்து போகக் கூடாது. ஃப்ரீஸர் பக்கமே வேண்டாம்.

டப்பா மூடியில் சின்னத் துளைகள் வேண்டும். ஃப்ரிட்ஜ் காற்று ஈரத்தை உறிஞ்சும். ஆகையால் 15 நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் இருக்கிறதா, பஞ்சு ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆட்டாமல், வெளிச்சம் காட்டாமல் உடனே மூடிவிட வேண்டும். பார்த்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டேன்.

காலேஜ் ஹாஸ்டலுக்குப் போயிருக்கும் என் பெரியவளுக்கு நான் தினமும் நாலு தரம் போன் பண்ணுகிறேன். இவர் சும்மா இருப்பாரா? "எறும்புக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு தரம், பெண்ணுக்கு நாலு மணிக்கு ஒரு தரமா?" என்று கேலி. மாமியாரோ கும்பகோணத்திலிருந்து போனில், "அரிசி மாவுக் கோலம் போட்டு எறும்புக்குப் படியளக்கிற வம்சம்மா நாம. நீ அதைக் கொண்டு போய் ஃப்ரிட்ஜுல வைக்கிறியே!" என்றார்.

மார்ச் முதல் தேதி டப்பாவைத் தாழ்வாரத்துக்கு மாற்றி, ஒரு வாரம் கழித்து அறைக்குள் கொண்டு வந்தோம். பிள்ளையும் நானும் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தோம். அசைவே இல்லை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. கை தன்னால் ரேடியேட்டர் பக்கம் போனது. "பொறும்மா" என்றான். அரை மணி கழித்து ஒரு மீசை லேசாக ஆடியது. பிறகு இன்னொன்று. உள்ளே போனவை 14, மூன்று செத்திருந்தன. ராணி நடந்தது! மாத முடிவில் வெள்ளையாக ஒரு சின்ன முட்டைக் குவியல்.

இப்போது தேனோடு, ஜன்னலில் செத்துக் கிடக்கும் ஈயையும் பொறுக்கி வைக்கிறான். மருந்து அடித்துச் செத்த ஈயை மட்டும் வைக்கக் கூடாது.

ஊரில் இருக்கும் சகோதரிகளுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கட்டெறும்பு வளர்த்தால், அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிடாதீர்கள். நம் சமவெளி எறும்புகளுக்கு இந்தக் குளிர்த் தூக்கம் கிடையாது, செத்துப் போகும். ஒரு ஜீவனை வளர்க்கும் முன் அது எந்த மண்ணில் பிறந்தது, அதற்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் கேட்காமல் செய்தேன்.

உங்கள் வீட்டுச் சுட்டிகள் என்ன வளர்க்கிறார்கள்? எழுதுங்களேன். அடுத்த இதழில் பார்ப்போம்.