கல்லிலே பெயர் இருக்கிறது, கணக்கு எங்கே?

எங்கள் ஊர்ப் பக்கங்களில் ஒரு கொங்கிரீட் வீதி பிறப்பதற்குச் சடங்குகள் உண்டு. தேர்தல் நெருங்கும்போது அடிக்கல் நாட்டுவார்கள். பிறகு மாலை, பொன்னாடை, பட்டாசு. கொங்கிரீட் காயும் முன்பே வீதியின் முகப்பில் ஒரு பளிங்குக் கல் எழும்பிவிடும். அதில் அமைச்சரின் பெயர் இருக்கும், இணைப்பாளரின் பெயர் இருக்கும், திகதியும் இருக்கும். எவ்வளவு பணம், எத்தனை மீற்றர், எத்தனை அங்குலக் கனம், கொந்தராத்து யாருக்கு என்ற விபரம் மட்டும் இராது. இரண்டு மாரி கழிந்தால் வீதி கரைந்துவிடும். கல் பழுதில்லாமல் நிற்கும்.

இதைப் பற்றி வாய் திறந்தால், "சேர், கேள்வி கேட்டா அடுத்த றோட்டு வராது. தாறத வாங்கிட்டுப் பேசாம இருங்க" என்று புத்தி சொல்கிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் நமது வீதிகளைக் கெடுத்ததே இந்தப் புத்திமதிதான் என்பது என் வாதம்.

முதலில், பணம் யாருடையது? 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். கடையில் ஒரு கட்டிச் சவர்க்காரம் வாங்கும் கூலிக்காரரும் அரசாங்கத்துக்குப் பணம் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் வந்தது. அதிலிருந்து ஊரின் சிறு வேலைகளுக்கான பணம் பாராளுமன்ற உறுப்பினரின் சிபாரிசோடு வரும் வழக்கம் வேரூன்றியது. பணம் திறைசேரியுடையது, பெயர் உறுப்பினருடையது. இந்த அரை நூற்றாண்டில் நமது உரிமையை அவர்களின் உபகாரம் என்று எண்ணப் பழகிவிட்டோம்.

இரண்டாவது, வீதி யாருடையது? ஏ, பீ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சீ, டீ தர வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. எஞ்சிய உள்வீதிகளும் ஒழுங்கைகளும் பெரும்பாலும் பிரதேச சபையைச் சேர்ந்தவை. திருகோணமலை - மட்டக்களப்பு ஏ-15 வீதியில் குழி விழுந்தால் கேட்க வேண்டிய கந்தோர் ஒன்று. அதிலிருந்து ஊருக்குள் இறங்கும் ஒழுங்கையில் விழுந்தால் வேறொன்று. இது தெரியாதவரை எந்தக் கந்தோரும் நம்மை அடுத்த கந்தோருக்கு அனுப்பிவிடலாம். உள்ளூராட்சி பற்றிப் படிப்பிக்கும்போது, "உங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள வீதி யாருடையது?" என்று பிள்ளைகளிடம் கேட்பேன். ஓர் அரசியல்வாதியின் பெயரைச் சொல்கிறார்கள். பிள்ளைகளில் பிழையில்லை. கல்லில் எழுதியிருப்பதைத்தானே வாசித்திருக்கிறார்கள்!

2018 பெப்ரவரியில் தெரிவான உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச் 19உடன் முடிந்தது. அம்மாதம் 9ஆந் திகதி நடக்கவிருந்த தேர்தல், திறைசேரி பணம் கொடுக்காததால் நடக்கவில்லை. அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்ட்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6இல்தான். இரண்டு வருடத்துக்கு மேலாகப் பிரதேச சபைகளைச் செயலாளர்களே நடத்தினார்கள். கிழக்கு மாகாண சபையோ 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதன் பின் ஆண்டுகள் பல கழிந்தும் தேர்தல் இல்லை. அந்த இரண்டு வருடங்களில் நம் ஊரில் என்ன செலவானது என்று கேட்டவர் எத்தனை பேர்? சபை இருந்தபோதும் கணக்குக் கேட்காத நமக்கு, அது இல்லாமற் போனதும் உறைக்கவில்லை.

கேட்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பக்கத்துக் கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்தை அகற்றிப் புதிய பாலம் கட்டத் தொடங்கினார்கள். கடந்து போக மக்களுக்குக் கிடைத்தது ஓர் இழுவைப் படகு. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட ஆறு பேர் அன்றே மாண்டார்கள். படகுக்கு அனுமதி கொடுத்தது யார், மாற்று வழி அமைப்பது யார் கடமை என்று நாடே கேட்டது. ஆனால் ஜனாஸாக்கள் வீட்டுக்கு வந்த பிறகு. வேலை தொடங்கும் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் அவை.

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி எந்தப் பிரசையும், காரணம் சொல்லாமலே, தமிழிலே எழுதிக் கேட்கலாம். ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் விபரத்தை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அப்படி எந்த வீதிக்கு நமக்குத் தெரிவித்தார்கள்?

"படிக்காத சனம் கணக்குப் பார்க்குமா?" என்பார்கள். இந்தியாவின் ராஜஸ்தானில் 1994 டிசம்பரில், கோட் கிரானா என்ற கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பினர் அரச வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவே உரத்து வாசித்தார்கள். கேட்டிருந்தவர்களில் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் ஏராளம். ஆனால் யார் வேலை செய்தார், யார் செய்யவில்லை என்பது ஊருக்குத் தெரியாதா? அங்கே தொடங்கிய குரல்தான் 2005இல் இந்தியாவின் தகவல் உரிமைச் சட்டமாயிற்று.

தோப்பூருக்குத் தனிப் பிரதேச செயலகம் வேண்டும் என்பது நமது நெடுநாள் கோரிக்கை. உப செயலகத்தோடு நம்மை நிறுத்தி வைத்திருப்பது நியாயமில்லை என்பதே என் நிலைப்பாடும். ஆனால் கணக்குக் கேட்கத் தெரியாத ஊருக்குப் புதிய கந்தோர் கிடைத்தால், கைகட்டி நிற்க இன்னொரு வாசல் கிடைத்தது என்றே பொருள். பள்ளிவாசல் தென்னையில் பறித்த தேங்காய் எத்தனைக்கு விலைபோனது என்று நம்பிக்கையாளர்களை மறித்துக் கேட்கும் நாம், இலட்சக் கணக்கில் விழுங்கிய வீதியைப் பற்றி ஏன் மௌனம் காக்கிறோம்? அதுவும் அமானிதம்தான்.

ஆகவே இந்த வருடமே மூன்று கடதாசிகளைக் கேட்போம். சபையின் பொறுப்பிலுள்ள வீதிகளின் பட்டியல், வட்டார வாரியாக இவ்வருட ஒதுக்கீடு, கடைசியாகப் போட்ட ஒரு வீதியின் மதிப்பீடும் கொடுப்பனவும். கிடைத்ததைச் சந்தியில் எல்லோரும் பார்க்க ஒட்டுவோம். கல் நடுவதை யாரும் தடுக்க வேண்டாம். பெயர்களுக்குக் கீழே தொகை, நீளம், கனம், கொந்தராத்துக்காரர் என்று நான்கு வரி கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள். மறுத்தால், அந்த விழாவுக்கு மாலை கொண்டு போகாதீர்கள்.