வழக்குரையும் குளிர்த்தியும்

வைகாசித் திங்களில் மட்டக்களப்பு நாட்டின் கண்ணகையம்மன் கோயில்களிற் கதவு திறத்தற் சடங்கு நிகழும். அதன்பின் வழக்குரை பாடப்படும். கோவலன் கொலையுண்ட செய்தியும், கண்ணகி சிலம்பைக் கையிலேந்திப் பாண்டியன் அவை புகுந்து நீதி கேட்ட செய்தியும் ஊரார் கேட்க விரிவாகப் படிக்கப்படும். சடங்கின் நிறைவிலே, சினந்த தெய்வத்தை நீராலும் பாட்டாலும் தணிவிக்கும் குளிர்த்தி நடைபெறும். வழக்கு முன், குளிர்த்தி பின். கலையின் பயன் குறித்து யான் இம்மலரிற் சொல்லக் கருதியது முழுவதும் நம் முன்னோர் வகுத்த இந்த வரிசையுள் அடங்கும்.

இக்கதை மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை என்றும், முல்லைத்தீவுப் பகுதியிற் சிலம்பு கூறல் என்றும் இது வழங்கும். நம்மிடையே இது பெற்ற பெயரோ கண்ணகி வழக்குரை. ஏட்டிலும் நாவிலும் வாழ்ந்துவந்த இந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1968 இல் அச்சிற் பதிப்பித்து உதவினார்கள். கதைத்தலைவியின் பெயரோடு 'வழக்குரை' என்னுஞ் சொல்லையும் சேர்த்துக் காவியத்திற்குப் பெயரிட்ட மக்கள், நீதி கேட்டலைத் தம் வழிபாட்டின் ஓர் உறுப்பாகவே கொண்டிருந்தனர் என்பது வெளிப்படை.

கலையால் மனப்புண் ஆறும் என்னுங் கருத்து இன்று பரவலாகப் பேசப்படுகின்றது. நம் மண்ணில் அது பேசப்படுதல் இயல்பே. 1978 நவம்பர் 23 இல் வீசிய சூறாவளியும், 1983 முதல் 2009 வரை நீண்ட போரும், 2004 டிசெம்பர் 26 இல் எழுந்த ஆழிப்பேரலையும் தீண்டாத குடும்பம் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அரிது. அக்கருத்துக்கு யானும் உடன்படுகின்றேன். ஆயினும் ஒரு நிபந்தனையோடு உடன்படுகின்றேன். வழக்கைக் கேளாது குளிர்த்தி பாடுதல் ஆற்றுதல் ஆகாது. அழுகின்றவனின் வாயைப் பொத்துவதற்கும் அதற்கும் வேற்றுமை சிறிதே.

கலை எவ்வாறு ஆற்றுகின்றது என்பதை முதற்கண் நோக்குவோம். நம் ஊர்க் கூத்தையே சான்றாகக் கொள்ளலாம். கூத்து ஆடுவதென ஊர்கூடித் தீர்மானித்த பின், அண்ணாவியார் ஆளுக்கேற்ற பாத்திரம் வகுத்துச் சட்டங் கொடுப்பார். பின்னர் மாதக்கணக்காக இரவிற் பழக்கம் நடக்கும். சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல் என்பன ஒவ்வொன்றாக நிகழும். அரங்கேற்றத்தின் பின் கூத்தர் வீட்டுக்கு வீடு சென்றும் ஆடுவர். களரி வட்டமானது; நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருப்பர். களரி கட்டுபவர், விளக்குப் பார்ப்பவர், உடுப்புத் தைப்பவர், தேநீர் ஊற்றுபவர் ஆகிய யாவரும் அக்கூத்திற் பங்காளரே. உற்றாரைப் பறிகொடுத்த ஒருவனுக்கு இரவிலே போவதற்கு ஓரிடமும், செய்வதற்கு ஒரு வேலையும், கூடுவதற்கு நாலு பேரும் கிடைத்தல் சிறு பேறன்று. அரங்கேற்றத்து ஓரிரவினும் அதற்கு முந்திய மாதங்களே அவனை மிகுதியும் தேற்றுகின்றன.

தொல்காப்பியர் அழுகையை எண்வகை மெய்ப்பாட்டுள் ஒன்றாக வைத்தார். இழவையும் வறுமையையும் அதன் நிலைக்களன்களுட் சேர்த்தார். அபிமன்னன் இறந்துபட்டான் எனச் சுபத்திரை புலம்புங்கால், தன் மகனை இழந்த தாயொருத்தி களரியோரத்தில் இருந்து நாணமின்றி அழலாம். நீ ஏன் அழுகின்றாய் என ஒருவரும் அவளை வினவார். அவள் துயர் ஊரின் துயரோடு ஒன்றிவிடும்.

இதனை உணர்ந்து செயற்பட்டோர் நம்மிடையே உளர். யாழ்ப்பாணத்திற் குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் எழுதிய 'மண் சுமந்த மேனியர்' 1985 இல் மேடையேறிற்று. 1991 இல் வந்த 'அன்னை இட்ட தீ' போரால் நைந்த உள்ளங்களையே பொருளாகக் கொண்டது. மட்டக்களப்பில் 1996 இல் அருட்தந்தை போல் சற்குணநாயகம் அவர்களும் கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகன் அவர்களும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவிற் தமிழ்ச் சிறாரும் முஸ்லிம் சிறாரும் ஒருங்கே கூடிக் களிமண்ணாலும் வண்ணத்தாலும் கதையாலும் விளையாடினர். வெளியே போர் நடந்துகொண்டிருந்த காலம் அது.

இனி, வழக்கு யாதென வினவுவோம். 1990 செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து 158 பேர் இராணுவத்தினராற் கொண்டு செல்லப்பட்டனர், அவர்கள் மீளவில்லை. இது நம் வழக்கு. அதே ஆண்டு ஆகஸ்ட் 3 இற் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் இருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் தமிழ் ஆயுததாரிகளாற் கொல்லப்பட்டனர். இது நம் அயலவர் வழக்கு. முதலாவதைப் பாடி மற்றதை மறைக்குங் கலை, பாதி உண்மை உரைத்த சாட்சியை ஒக்கும். சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தீர்ப்புத் தவறெனக் கண்டவுடனே உயிர் துறந்தான். உரைப்பவளின் துணிவைப் போற்றும் நாம், கேட்டவனின் நேர்மையையும் அக்கதையிலிருந்து கற்றல் வேண்டும்.

நம் வீட்டினுள்ளேயும் ஒரு வழக்குண்டு. பறைமேளக் கூத்து நம் நாட்டுச் செல்வம் என விழா மேடைகளிற் பேசுகின்றோம். அதனை முழக்குவோரை மட்டும் புறத்தே நிறுத்தி, சாவீட்டிற்குப் பிறவிக் கடன்போல அழைத்து வந்தோம். அக்குடிப் பிள்ளைகள் கல்வி கற்றுப் பறையைக் கீழே வைக்கும்போது, மரபு அழிகின்றதே என வருந்துகின்றோம். இழிவைச் சுமந்தேனும் கலையைக் காத்துத் தருக என ஒருவரை ஏவ நமக்கு யாது உரிமை? மரபு வேண்டுமாயின் இழிவை முதலில் நீக்குக; பின்னர்க் கற்கும் உழைப்பை நாமும் ஏற்போமாக.

கூத்துக்கு இவ்வழக்கைத் தாங்கும் வலிமை உண்டோ என ஐயுறுவார்க்கு விடை முன்னரே கிடைத்துவிட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1962 இற் 'கர்ணன் போர்' கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு மேடையேற்றியபோது, படித்தோர் எள்ளிய கலைக்குப் பெருமதிப்பு உண்டாயிற்று. 1968 இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. அதனையொட்டி என். கே. ரகுநாதன் அவர்களின் 'கந்தன் கருணை' காத்தவராயன் கூத்துப் பாணியில் ஆடப்பட்டது. சி. மௌனகுரு அவர்களின் 'சங்காரம்' 1969 இல் வடமோடி ஆட்டத்தாற் சமுதாய ஒடுக்குமுறையைச் சாடிற்று. 2000 ஆம் ஆண்டின் பின் சீலாமுனையிற் சி. ஜெயசங்கர் அவர்கள் கூத்தரோடும் ஊராரோடும் இருந்து, கூத்துப் பிரதியிற் சாதியும் பெண்ணும் பேசப்படும் முறையை விவாதித்துக் கூத்தை மீளுருவாக்கினார்கள். மத்தளத்தின் ஓசை குன்றவில்லை; பொருளே வளர்ந்தது.

இத்துணை வளமுள்ள கலையை நம் பாடசாலைகள் எவ்வாறு கையாளுகின்றன? தமிழ்த்தினப் போட்டி நெருங்கும்போது கூத்து நினைவுக்கு வருகின்றது. இரவு முழுதும் ஆடவேண்டியது சில நிமிடங்களுட் சுருங்குகின்றது. ஆட வல்ல சிலரைத் தெரிந்து, பரிசு பெற்று, படமெடுத்து, உடுப்பைப் பெட்டியில் வைத்துவிடுகின்றோம். பரிசு பெறுதலை யான் குறை கூறவில்லை; அது பிள்ளைகளுக்கு ஊக்கந் தரும். ஆனால் ஆட வராத பிள்ளைக்கும் களரியில் ஒரு வேலை உண்டு என்பதே கூத்தின் அறம். அவ்வறம் போட்டியிற் கற்பிக்கப்படுவதில்லை. ஊரார் பங்குகொள்ளாக் கூத்து அழகிய காட்சியாகலாம். ஊரை ஆற்றும் மருந்தாகாது.

பழைய புண்ணைக் கிளறலாமோ என்பார் சிலர். ஆறிய புண்ணைக் கிளறுதல் தவறே. மேலே தோல் மூடி உள்ளே சீழ் கொண்ட புண்ணை மருத்துவன் திறந்தே தீர்வான். பரீட்சைக்குக் காலம் போதாதே என்பார் வேறு சிலர். இக்கவலையிற் பொருளுண்டு, பெற்றோரின் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிடலாகாது. ஆதலின் உயர்தர வகுப்பினரை விடுத்து, இடைநிலை வகுப்பு மாணவரைக் கொண்டு, வாரத்தில் ஓரிரு மாலைகளில் மட்டும் இப்பணியைத் தொடங்கலாம்.

விழா ஆண்டிலே பழைய மாணவர் பலர் கட்டடமும் கருவியும் தர முன்வருவது நம் கல்லூரியின் நற்பேறு. அவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கின்றேன். ஓர் அண்ணாவியாரையும் ஒரு பறை ஆசிரியரையும் மதிப்புக்குரிய ஊதியத்தோடு ஈராண்டு அமர்த்துக. ஏனைய ஆசிரியர் இருக்கும் வரிசையில் அவர்களுக்கும் நாற்காலி இடுக. அவர்களிடம் எக்குடிப் பிள்ளையும், ஆணும் பெண்ணும் கற்க வழிசெய்க. அடுத்து, கல்லூரியின் இழப்பேடு ஒன்றைத் தொடங்குக. போரிலும் ஆழிப்பேரலையிலும் நாம் இழந்த மாணவர், ஆசிரியர், ஊழியர் பற்றி உற்றார் சொல்வதை மாணவரே கேட்டு எழுதட்டும். சொல்ல விரும்பாதோரை வற்புறுத்தலாகாது. இறுதியாக, ஈராண்டின் முடிவில் விளையாட்டு முற்றத்தில் வட்டக்களரி அமைத்து ஓரிரவு முழுதும் கூத்து ஆடுக. அயலூர் முஸ்லிம் பாடசாலைகளின் ஆசிரியரையும் மாணவரையும் விருந்தினராக மட்டுமன்றி, அவர்தம் இழப்பைக் கூறும் உரிமையுடைய பங்காளராகவும் அழைக்க.

இதற்கு ஆகும் பொருள் புதிய மண்டபமொன்றிற்கு ஆவதினுங் குறைவே. ஆகும் மனத்துணிவு மிகுதி. பாண்டியன் அவையிலே கண்ணகிக்கு வாயில் திறக்கப்பட்டமையாற்றான் வழக்கு உரைக்கப்பட்டது. நம் கல்லூரியின் வாயிலும் அவ்வாறு திறக்கப்படுக. வழக்கு முழுதும் கேட்கப்பட்ட பின் பாடப்படுங் குளிர்த்தி நம் ஊரையும் நம் அயலாரையும் ஒருங்கே குளிர்விப்பதாக.